எலையாஸ் எழுதாமல் விட்ட பெயர்

அடைப்புக்குறியை எடுக்காதீர்கள். இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த உங்களிடம் நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். ஆனால் இப்படி ஒற்றை வரியில் சொன்னால் தலையாட்டிவிட்டு மறுநாளே மறந்துவிடுவீர்கள். எனக்கும் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் மறந்தேன். அதனால் நான் ஒருமுறை அதை எடுத்ததையும், அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

தேனாம்பேட்டையில், அண்ணா சாலையைப் பார்த்த மூன்றாவது மாடியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். உங்களுக்குத் தெரிந்த வேலைதான். வெளிநாட்டு நூலகங்களும் குடும்பங்களும் தங்கள் பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் படமெடுத்து அனுப்புவார்கள். நாம் அந்தக் கையெழுத்தை வாசித்து, ஓர் எழுத்துகூட மாறாமல் கணினியில் அடித்துத் தருவோம். வாசிக்க முடியாத சொல் வந்தால், நமக்குத் தோன்றுவதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைப்போம். ‘எனக்கு உறுதியில்லை, நீங்களே பாருங்கள்’ என்று அதற்குப் பொருள். இப்போது மென்பொருளே பாதிக் கையெழுத்தை வாசித்துவிடுகிறது, ஆட்கள் திருத்தினால் போதும் என்கிறார்கள். இருக்கட்டும். மென்பொருளுக்கு அந்தப் பக்கத்தில் யாரும் பிழைக்க வேண்டும் என்ற ஆசை கிடையாது. எனக்கு இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு, ஒரு மே மாதத்தில் எலையாஸின் நோட்டுகள் வந்தன. மொத்தம் ஐந்து. எலையாஸ் ஒரு விவசாயி. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அமெரிக்காவின் நடுவில் நெப்ராஸ்கா என்ற சமவெளிக்கு, மனைவி ஹன்னாவையும் மகன் தாமஸையும் ஆறு வயது மகள் லிடியாவையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் குடியேறியவர். இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய கொள்ளுப்பேத்தி ரூத், எண்பது தாண்டியவர், அதே நிலத்தில் இன்னும் குடியிருந்தார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. முழுதாகப் போவதற்குள் கொள்ளுத்தாத்தா என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று, உள்ளூர் நூலகம் மூலமாக நோட்டுகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.

எலையாஸ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ‘காற்று. உழுதேன்.’ மறுநாள், ‘காற்று. உழுதேன். சிவப்பு எருது நொண்டுகிறது.’ எழுத்துப் பிழைகள் ஏராளம். ஆனால் அந்த இரண்டு மூன்று சொல்லுக்குள் ஒரு குடும்பம் முழுதாக இருந்தது. வீடு கட்ட மரம் இல்லை. புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். மழை பெய்தால், வெளியே நின்ற பிறகும் இரண்டு நாள் கூரை உள்ளே பெய்துகொண்டிருக்கும். அடுப்பெரிக்க விறகு இல்லை. புல்வெளியில் காய்ந்து கிடந்த சாணத்தை ஹன்னா முதலில் குச்சியால் தள்ளிக் கூடையில் சேர்த்தாளாம்; ஒரு மாதத்தில் வெறும் கையால் எடுத்தாளாம். எங்கள் குடிசைப் பக்கமெல்லாம் சுவரில் வறட்டி தட்டியிருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஹன்னாவை எனக்கு அந்த இடத்தில் பிடித்துப்போய்விட்டது.

தங்களுக்கு முன் அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களைப் பற்றி எலையாஸ் எழுதியது ஒரே வரி. ‘உழும்போது ஓர் அம்புமுனை கிடைத்தது. கிணற்றோரம் வைத்தேன்.’

வெளியே கத்திரி வெயில் கொளுத்தும். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஏசியில் உட்கார்ந்து பனிப்புயலை அடித்துக்கொண்டிருப்பேன். வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டுதான் பால் கறக்கப் போனார்கள். கயிற்றை விட்டால் இருபது அடியில் வீடு தொலைந்துபோகும். மதியம் படி இறங்கி டீக்கடைக்கு வந்தால், அண்ணா சாலையின் வெக்கை முகத்தில் அடிக்கும்போது ஒரு கணம் எந்த ஊரில் இருக்கிறேன் என்றே தெரியாது.

சொல்லில் அவ்வளவு சிக்கனமான எலையாஸ், ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் தாராளமாக எழுதினார். ‘சிவப்பு எருதுக்கு ராஜா என்று லிடியா பெயர் வைத்தாள்.’ ‘லிடியாவுக்குப் பல் விழுந்தது. கூரையில் போடச் சொல்கிறாள். கூரையே புல்தான் என்றேன்.’ ‘மரமெல்லாம் எங்கே போயிற்று என்று லிடியா கேட்கிறாள்.’ காலையில் இருக்கையில் உட்கார்ந்ததும் அன்றைய பக்கங்களில் அவள் பெயர் இருக்கிறதா என்று கண் முதலில் ஓடும்.

முதல் குளிர்காலம் முடிகிற இடத்தில், லிடியாவுக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் எழுதியிருந்தது. ஐந்தாம் நாள், ‘வண்டியிலிருந்து இரண்டு பலகை கழற்றினேன்.’ ஆறாம் நாளில் அந்தச் சொல்.

அந்த வரியில் தண்ணீர்க் கறை. ‘லிடியாவைக் குன்றின் மேல்’ என்பது வரைக்கும் தெளிவாக இருந்தது. செய்தது என்ன என்று சொல்லும் சொல்லில்தான் சிக்கல். முதல் இரண்டு எழுத்தும் கறையில் போய்விட்டன. மீதி எழுத்துகள் ‘கேரீட்’, அதாவது தூக்கிச் சென்றேன் என்பதற்கும் பொருந்தின. ‘பெரீட்’, புதைத்தேன் என்பதற்கும் பொருந்தின, எலையாஸ் தன் வழக்கப்படி ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டிருந்தால். நான் ‘தூக்கிச் சென்றேன்’ என்று அடித்தேன். காய்ச்சல் விட்ட குழந்தையை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு, பனி உருகிப் புல் முளைப்பதைக் காட்டக் குன்றேறுகிறார். எனக்கு அந்தக் காட்சி அப்படியே கண் முன்னால் வந்தது.

நான் அடித்ததைச் சரிபார்ப்பவர் நூருல்லா பாய். எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். மயிலாப்பூர்க்காரர், மரவேலைக் குடும்பம். அவருடைய அப்பா பெட்டியும் அலமாரியும் செய்தவர். பாய் அந்தச் சொல்லை ‘புதைத்தேன்’ என்று மாற்றி அடைப்புக்குறிக்குள் போட்டு, கேள்விக்குறியும் வைத்துவிட்டு என் இருக்கைக்கு வந்தார்.

“இன்னா ஸ்டெல்லாம்மா, தூக்கினு போனேன்னு போட்டுக்கீறே?”

“ஏன் பாய், பொருந்துதே?”

“ரெண்டும் பொருந்துது. ஆனா முந்தின நாள பாரு. வண்டிலேர்ந்து பலகை கழட்டிக்கீறான். மரமே இல்லாத ஊரு. அந்தக் குடும்பத்துக்கு இருக்கிறது அந்த ஒரு வண்டிதான். அத்த எதுக்கு ஒடைக்கணும்?”

“கதவு செஞ்சிருப்பார்.”

“கதவுன்னா கதவுன்னு எழுதுவான்மா. கோழிக்கூண்டு செஞ்சதையே எழுதுற ஆளு.”

பிரதியை முடித்து அனுப்பும் இறுதிக் கையெழுத்து என்னுடையது. கோப்பு அன்று மாலை போக வேண்டும். மேனேஜர் ராகவன் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். பாய் சாப்பிடப் போனதும் நான் அடைப்புக்குறியையும் கேள்விக்குறியையும் எடுத்துவிட்டு, ‘தூக்கிச் சென்றேன்’ என்றே வைத்து அனுப்பினேன்.

அவசரத்தின் மேல் பழியைப் போடலாம். அது பொய். அரை நிமிட வேலை அது, நேரம் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அப்பா பட்டினப்பாக்கத்திலிருந்து கட்டுமரத்தில் போனார். மூன்றாம் நாள் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. பள்ளிக்கூடத்தில் படிவம் நிரப்பும்போது, அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று டீச்சர் எழுதப் போனார். மீன் கூடையைப் பள்ளி வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்த அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டாள். “அப்டி எழுதாதீங்க டீச்சர். அவரு கடலுக்குப் போயிக்கீறாரு.” நான் கல்லூரியில் சேர்ந்தபோதும் படிவத்தில் அப்படித்தான் இருந்தது. கல்லறைத் திருநாளில் அக்கம்பக்கத்தில் எல்லாரும் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் மட்டும் வீட்டிலேயே இருப்போம். போனால், இறந்ததாக ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும் அல்லவா? அம்மா சாகும்வரை மாலையில் மணலில் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டுத்தான் வருவாள். யாரையும் புதைக்காத வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த வரியைப் பார்த்தபோது என் கண் எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நான் லிடியாவுக்காகக் காத்திருந்தேன். இரண்டாம் நோட்டு போனது. தாமஸுக்குச் செருப்பு சின்னதாகிவிட்டது என்று வந்தது. டெய்சி என்ற பசு கன்று போட்டது. கிணறு தோண்டியபோது லார்சன் என்ற பக்கத்து நிலத்துக்காரர் வந்து உதவினார். லிடியா வரவில்லை. சரி, அந்தக் காலத்து அப்பாக்கள் பெண்குழந்தைகளைப் பற்றி எழுதமாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். பசுவின் பெயர் மாதத்துக்கு இரண்டு தடவை வந்தது. மூன்றாம் நோட்டில் வெட்டுக்கிளிகள் வந்தன. பகலிலேயே இருட்டும்படி வந்து இறங்கி, பயிரைத் தின்று, அவரைச் செடிக்கு மேல் ஹன்னா விரித்த போர்வையையும் தின்று, வியர்வை உப்புக்காக மண்வெட்டிப் பிடியைக்கூடக் கடித்துவிட்டுப் போயின. அந்த வருடம் பாதிக் குடியேறிகள் வண்டி கட்டிக்கொண்டு கிழக்கே திரும்பிவிட்டார்கள். எலையாஸும் போகலாம் என்றார். ‘ஹன்னா வரமாட்டேன் என்கிறாள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஏன் வரமாட்டாள் என்று நான் யோசிக்கவில்லை. லிடியா எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

நடுவில் ஒன்று வந்துகொண்டே இருந்தது. ‘ஹன்னா எல்.லிடம் போய்விட்டு வந்தாள்.’ ‘ஞாயிறு. எல்.லிடம் உட்கார்ந்திருந்தோம்.’ ஆங்கில எழுத்து ‘எல்’, ஒரு புள்ளி. பெயரைச் சுருக்கி எழுதியிருந்தால் யாரென்று குறிப்புப் போடுவது நம் வழக்கம். நான் ‘எல். என்பவர் பக்கத்து நிலத்துக்காரர் லார்சன்’ என்று குறிப்புப் போட்டேன். அதற்கும் அடைப்புக்குறி வைக்கவில்லை.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரூத்திடமிருந்து வந்த மின்னஞ்சலை ராகவன் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். பாராட்டு வந்தால் அப்படி அனுப்புவது வழக்கம். ரூத் சொல்லச் சொல்ல அவருடைய தங்கை மகன் அடித்து அனுப்பிய கடிதம் அது. லிடியா என்ற சிறுமி முதல் வருடமே இறந்துபோனாள், குன்றின் மேல் எங்கோ இருக்கிறாள் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஆனால் அங்கே கல்லும் இல்லை, அடையாளமும் இல்லை என்று எழுதியிருந்தார். ‘அதற்காகவே சாலை போடுகிறவர்கள் ஜல்லி எடுக்க அந்தக் குன்றைக் கேட்டபோதெல்லாம் மறுத்துவந்தேன். நீங்கள் அனுப்பிய பிரதியை வாசிக்கக் கேட்டதும் என் மனசு லேசாகிவிட்டது. அப்பா மகளைத் தூக்கிக்கொண்டு குன்றேறியிருக்கிறார், அவ்வளவுதான். இப்போது சம்மதித்துவிட்டேன். தெற்குப் பக்கம் வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை உச்சியை எடுக்கிறார்கள். உங்கள் எல்லாருக்கும் நன்றி.’

அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்தேன். பாய் தன் இருக்கையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். கடிதத்தை அவரும் படித்திருந்தார்.

“பாய், அன்னிக்கி நீங்க போட்ட அடைப்புக்குறிய நான் எடுத்துட்டேன்.”

“தெரியும்.”

“ஒண்ணும் கேக்கலையே நீங்க?”

“கேட்டிருக்கணும். கையெழுத்து உன்னுதுன்னு வுட்டேன். அது என் தப்பு. இப்ப இன்னா பண்றது, அத்த சொல்லு.”

அங்கே அப்போது வியாழன் இரவு. நமக்கு மாலை ஆகும்போது அவர்களுக்கு வெள்ளிக்கிழமை விடியும். அதற்குள் சொல்ல வேண்டும். ஆனால் என்ன சொல்வது? மூலப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கறை கறையாகத்தான் இருந்தது. இப்போது பயத்தில் ‘புதைத்தேன்’ என்று மாற்றினால் அதுவும் ஊகம்தான். முன்பு ஆசையில் ஊகித்தேன், இப்போது குற்ற உணர்ச்சியில் ஊகிப்பேன். கண் தெரியாத ஒரு முதிய பெண்ணை எழுப்பி, அன்று அப்படித் தோன்றியது, இன்று இப்படித் தோன்றுகிறது என்று சொல்ல முடியாது. கையில் ஏதாவது இருக்க வேண்டும். எலையாஸே எழுதிய ஏதாவது.

பாய் பகல் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டுச் சாப்பிடாமல் திரும்பினார். குன்று என்று எங்கே வந்தாலும் குறித்துக்கொள்வது என்று ஆரம்பத்திலிருந்து தேடினோம். மூன்று நோட்டிலும் அந்த ஒரு வரியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. தேடும்போது பாய் வேறொன்றைக் கவனித்து, ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். அந்தத் தாளை என் பக்கம் தள்ளினார்.

“இந்த லார்சன் வூட்டுக்கு மத்த நாள்லாம் எப்ப தோணுதோ அப்ப போறாங்க. ஆனா வருஷா வருஷம் இந்த ஒரு தேதி மட்டும் தப்பவே இல்ல. பாரு.”

பார்த்தேன். அது லிடியாவைக் குன்றின் மேல் என்று எழுதியிருந்த அதே தேதி.

நான்காம் நோட்டு இன்னும் அடிக்கப்படாமல் இருந்தது. முன்பாதியை நான் எடுத்துக்கொண்டேன், பின்பாதியைப் பாய். நான்கு மணி இருக்கும். பாய் திரையைத் தொட்டுக் காட்டினார். ‘எல்.லைச் சுற்றி வேலி போட்டேன். மாடுகள் மேலே ஏறிவிடுகின்றன.’

“பக்கத்து நெலத்துக்காரனச் சுத்தி எவனாவது வேலி போடுவானா ஸ்டெல்லாம்மா?”

ஐந்து மாதமாக நான் ஒவ்வொரு பக்கத்திலும் தேடிய குழந்தையை என் விரலாலேயே எத்தனையோ முறை ‘எல்.’ என்று அடித்திருக்கிறேன். அவள் எங்கும் போகவில்லை. அவள் அப்பாவால் அந்தப் பெயரை எழுத முடியவில்லை, அவ்வளவுதான். முதல் எழுத்தோடு கை நின்றுவிட்டிருக்கிறது. வெட்டுக்கிளி வந்த வருடம் ஹன்னா ஏன் வரமாட்டேன் என்றாள் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ராகவனின் அறைக்குப் போனோம். வாடிக்கையாளரிடம் நாம் நேரடியாகப் பேசக் கூடாது என்பது விதி. எண் அவரிடம்தான் இருந்தது. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முழுதாகக் கேட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

“மேடம், நீங்க சொல்றது சரின்னே வெச்சுக்கலாம். ஆனா இப்ப போன் பண்ணி தப்பா அடிச்சிட்டோம்னு சொன்னா, மத்த பக்கத்த எல்லாம் எப்படி நம்புவாங்க? அந்த லைப்ரரிலேர்ந்து அடுத்த வேலை வர வேண்டியிருக்கு. அத நம்பி பன்னெண்டு பேர எடுத்திருக்கேன்.”

“தப்பா அடிச்சது கம்பெனி இல்ல சார். அடைப்புக்குறி போட்டது பாய். எடுத்தது நான். என் பேரச் சொல்லிடுங்க.”

“மெயில் அனுப்பலாமே?”

“அந்தம்மாவுக்கு மெயிலப் படிச்சுக் காட்ட ஒரு ஆள் வரணும் சார். அதுக்குள்ள வண்டி மேல ஏறிடும்.”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். அங்கே விடியட்டும் என்று ஆறரை வரை மூவரும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். அவரே எண்ணைப் போட்டு, போனை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே பேசுங்க. படிச்சது நீங்கதான்.”

அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன். “காலை வணக்கம், நான் சென்னையிலிருந்து பேசுகிறேன்” என்றதும், “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று ரூத் வைத்துவிட்டார். நம் ஊர்க் குரலில் எத்தனை பேர் அவருக்கு எதையெல்லாம் விற்க முயன்றார்களோ! மறுபடி அழைத்தோம். எடுத்தவுடன் வைத்தார். மூன்றாம் முறை, அவர் எடுத்த சத்தம் கேட்டதுமே வேறு எதுவும் சொல்லாமல், “எலையாஸ். ஹன்னா. லிடியா” என்றேன்.

இந்த முறை அவர் வைக்கவில்லை.

“யார் நீ?”

“அவர் நாட்குறிப்பை அடிப்பவள். ஒரு சொல்லைத் தவறாகக் கொடுத்துவிட்டேன். வேலையை நிறுத்துங்கள். லிடியா குன்றின் மேல்தான் இருக்கிறாள்.”

பலகையைச் சொன்னேன். எல்.லைச் சொன்னேன். வருடா வருடம் அதே தேதியைச் சொன்னேன். வேலி வந்ததும் அவர் குறுக்கிட்டார்.

“இதை உன் கண்ணால் பார்த்தாயா?”

“இப்போதும் என் முன்னால் இருக்கிறது, அம்மா. அந்த வேலி வரி தெளிவாக இருக்கிறது. முதல் சொல் மட்டும் இன்னும் தெளிவில்லை. அதைத் தெளிவாகத் தெரிந்தது போல் எழுதியதுதான் என் தவறு.”

“ஏன் அப்படிச் செய்தாய்?”

“அவள் பிழைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.”

போனை எங்கோ வைத்துவிட்டு யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்துபோயிற்று.

திங்கட்கிழமை வரை எந்தத் தகவலும் இல்லை. அந்த இரண்டு நாளை எப்படிக் கழித்தேன் என்று சொல்லி உங்களைச் சிரமப்படுத்தவில்லை. திங்கள் காலை ரூத்தின் தங்கை மகன் எழுதியிருந்தார். பல் விளக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய், மண் அள்ளும் இயந்திரம் ஏறுகிற தடத்தில் குறுக்கே நிறுத்தினாராம். தெற்குச் சரிவு போய்விட்டது. உச்சி தப்பித்தது. மறுநாள் புல்லை விலக்கிப் பார்த்ததில், மக்கிப்போன நான்கு மரத்தூண்களின் அடிக்கட்டைகள் ஒரு சின்னக் கட்டில் அளவுக்கு நீள்சதுரமாக நின்றன. அதற்கு மேல் அவர்கள் தோண்டவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். திருத்திய பிரதியை அனுப்பினோம், அந்தச் சொல்லை அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு போட்டு. ராகவன் என் இறுதிக் கையெழுத்து அதிகாரத்தை எடுத்துப் பாயிடம் கொடுத்தார். நியாயம்தான். ஆனாலும் இருபது வருடத்துக்கு மேல் போட்ட கையெழுத்தை நிறுத்தியபோது வலித்தது. நூலகம் அடுத்த வேலையை வேறு நிறுவனத்துக்குக் கொடுத்தது. புதிதாக எடுத்த பன்னிரண்டு பேரில் ஐந்து பேரை வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. ராகவன் அதை என்னிடம் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. அவர்கள் வெளியேறிய அன்று நான் ஒவ்வொருவரிடமும் போய் நடந்ததைச் சொன்னேன். ஒரு பெண், மேற்கு மாம்பலத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள், “பரவால்ல மேம்” என்றாள். அந்தப் ‘பரவால்ல’ எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ரூத் கேட்டது ஒன்றுதான். கடைசி இரண்டு நோட்டையும் எழுத்தில் அனுப்பும் முன்பு, அடித்தவளே தனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தெளிவாக இருப்பதைத் தெளிவு என்றும், இல்லாததை இல்லை என்றும் சொல்லிச் சொல்லி வாசிக்க வேண்டும்.

அப்படித்தான் வெள்ளிக்கிழமை மாலைகள் ஆரம்பித்தன. ராகவனின் அறையில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். அங்கே ரூத் காலை காபியோடு கேட்பார். ரயில் பாதை வந்தது. மரம் வந்தது. எலையாஸ் மண்வீட்டை விட்டுவிட்டுப் பலகை வீடு கட்டினார். ‘வாசல் பக்கம் வைத்த சன்னலை வடக்கே மாற்றச் சொல்கிறாள் ஹன்னா. மாற்றினேன்’ என்று வந்தபோது ரூத், “நிறுத்து” என்றார். “அது என் சமையலறைச் சன்னல். குளிர்காலம் முழுக்கக் காற்று அதன் வழியாகத்தான் வரும். எந்த முட்டாள் இங்கே சன்னல் வைத்தான் என்று ஐம்பது வருடம் திட்டியிருக்கிறேன்.” பிறகு மெதுவாக, “அதில் குன்று தெரியும்” என்றார்.

தாமஸ் கல்யாணம் செய்துகொண்டார். எலையாஸின் எழுத்து நடுங்க ஆரம்பித்தது. அடைப்புக்குறிகள் கூடின, ஒவ்வொன்றையும் நான் சொல்லிவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்குப் போனேன். ஐந்தாம் நோட்டின் முடிவில் ஒரு வாரம் எதுவுமே எழுதாமல் விட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் ஒரே வரி. வாசிப்பதற்கு முன் அதை நான் பாயிடம் காட்டியிருந்தேன். அவர் மூன்று முறை பார்த்துவிட்டு, “குறி வேணாம். தெளிவாக் கீது” என்று மட்டும் சொன்னார்.

“ஹன்னாவை லிடியாவின் பக்கத்தில் வைத்தோம்” என்று வாசித்தேன்.

“எல். என்றா எழுதியிருக்கிறார்?”

“இல்லை. முழுப் பெயர்.”

ரூத் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை கேட்டார். அதையும் வாசித்தேன்.

“குன்றின் மேல் கல் வைக்கப்போகிறேன். பெயரை எழுத்தெழுத்தாகச் சொல். எழுதிக்கொள்ள ஆள் இருக்கிறது.”

“முறைப்படி இரண்டாவது எழுத்து ‘ஒய்’ வரும், அம்மா. அவர் ‘ஐ’ போட்டிருக்கிறார்.”

“அவர் எப்படி எழுதினாரோ அப்படிச் சொல்.”

எல், ஐ, டி, ஐ, ஏ என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வோர் எழுத்தையும் அவர் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்ததற்காகக் காத்திருந்தார். கடைசி எழுத்தைச் சொல்லி முடித்த பிறகும், அவரும் போனை வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.